வரிச் சிக்கனம் பேச வார்டிலிருந்து தொடங்குங்கள்: சென்னையில் புதிதாகக் களமிறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அரசு தன் வருவாய்க்குள் செலவிட வேண்டும், புதிய வரி கேட்பதற்கு முன் பழைய செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், தெருவிலேயே முடிக்கக்கூடிய காரியத்தைக் கோட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நினைப்பவர்கள் சென்னையில் குறைவில்லை. அவர்களில் பெரும்பாலோர் அதைத் தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்துப் புலம்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். களத்துக்கு வருகிற சிலரும் முதல் மாதத்திலேயே மாநிலக் கடன், இலவசத் திட்டங்கள், ஜிஎஸ்டி என்று பெரிய விஷயங்களைப் பேசிக் களைத்துப்போகிறார்கள். நானும் என் தெருக்காரர்கள் சிலரும் இந்த வேலையில் இறங்கியபோது, எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் கேட்பது என்று சொல்லித்தர ஒருவரும் கிடைக்கவில்லை. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டவற்றை, அடுத்து வருகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்று இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எந்தக் கட்சியில் நீங்கள் இருந்தாலும், எதிலும் இல்லாவிட்டாலும் இவை பொருந்தும்.

1. எந்த வரி யார் கையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தவறான கதவைத் தட்டுவதில்தான் புதியவர்களின் நேரம் அதிகம் வீணாகிறது. சொத்து வரி, தொழில் வரி, தொழில் உரிமக் கட்டணம் ஆகியவற்றைச் சென்னை மாநகராட்சி வசூலிக்கிறது. குடிநீர், கழிவுநீர் வரியும் கட்டணமும் மெட்ரோ வாட்டருக்குப் போகின்றன. பத்திரப்பதிவின் முத்திரைத் தீர்வை, வாகன வரி, பெட்ரோல், டீசல், மதுபானம் மீதான விற்பனை வரி ஆகியவை மாநில அரசுடையவை. மின் கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஜிஎஸ்டி விகிதத்தை மாற்றும் அதிகாரம் உங்கள் கவுன்சிலருக்கும் இல்லை, உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் இல்லை. அதை முடிவு செய்வது மத்திய, மாநில நிதியமைச்சர்கள் சேர்ந்த கவுன்சில்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சொத்து வரி மாநகராட்சியின் வரிதான் என்றாலும், 2022 ஏப்ரலில் வந்த பொது உயர்வு மாநில அரசின் முடிவிலிருந்து தொடங்கியது. பழைய சென்னைப் பகுதிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75 சதவீதம், 1,800 வரை 100 சதவீதம், அதற்கு மேல் 150 சதவீதம் என்று அது உயர்ந்தது. மத்திய வரிப்பணத்தைப் பகிரப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கான மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்ததை அரசு காரணமாகக் காட்டியது. ஆகவே, ‘உயர்வை ரத்து செய்’ என்று மட்டும் மனு எழுதினால், ‘மானியம் போய்விடும்’ என்ற ஒற்றை வரியில் அது முடிந்துவிடும். உயர்வின் அளவு, அது திடீரென்று வந்த விதம், கூடுதலாக வந்த பணம் போன இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் இரண்டுக்குக் கோட்டையும், மூன்றாவதுக்கு மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையும் பதில் சொல்ல வேண்டும்.

தெரு அளவில் எழும் எதிர்ப்புக்குப் பலன் இருக்காது என்று எண்ண வேண்டியதில்லை. 2018இல் வந்த சொத்து வரி உயர்வு, 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. 2021 தொடக்கத்தில் குப்பைக்குத் தனிக் கட்டணம் வசூலிக்க எடுத்த முடிவும் எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது. ஆனால் 2018 உயர்வில் கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பணம் கையில் திரும்பவில்லை; பின்வந்த தவணைகளில்தான் ஈடு செய்யப்பட்டது. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தவர்களால்தான் அந்த ஈட்டைச் சரிபார்க்க முடிந்தது.

2. முதலில் உங்கள் சொந்தக் கணக்கைச் சீராக்குங்கள்

வரியைப் பற்றிப் பேசப்போகிறவரின் வீட்டிலேயே வரி பாக்கி இருந்தால், வார்டு முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். பின்னால் தேர்தலில் நிற்க நினைத்தால் நிலுவையே உங்கள் வேட்பு மனுவுக்கு எதிராக நிற்கும்.

சொத்து வரி ரசீதில் மண்டல எண், கோட்ட எண், பில் எண், உட்பிரிவு எண் என்று நான்கு பகுதிகள் இருக்கும். இவற்றை வைத்து மாநகராட்சி இணையதளத்தில் உங்கள் கணக்கைப் பார்க்கலாம். நிதியாண்டு இரண்டு அரையாண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஒவ்வொன்றின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகையாகக் கழிக்கப்படும். தாமதித்தால் வட்டி ஏறும். 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டு முதல் சென்னையில் வரி 6 சதவீதம் உயர்த்தப்பட்டது. உங்கள் ரசீதில் அதற்கு முந்தைய தொகையும் பிந்தைய தொகையும் அந்த விகிதத்தில்தான் இருக்கின்றனவா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விகிதம் சரியாக இருந்தாலும் அடிப்படை தவறாக இருக்கலாம். கட்டடத்தின் பரப்பு, தெருவுக்கான அடிப்படை மதிப்பு, குடியிருப்பா வணிகமா, கட்டடத்தின் வயது, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்ற விவரங்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கீழ்த்தளத்தில் எப்போதோ இருந்த தையல் கடை மூடப்பட்டுப் பல ஆண்டு ஆனபின்னும் வணிகப் பயன்பாடு என்றே பதிவில் தொடர்வதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். திருத்தக் கோரும் மனுவோடு பத்திர நகல், அனுமதி பெற்ற கட்டட வரைபடம், மின் கட்டண ரசீது ஆகியவற்றை இணையுங்கள். மின் இணைப்பு வீட்டு உபயோக வகையில் இருக்கிறதா என்பது வலுவான சான்று. மறுபரிசீலனைக்கான கெடு உங்களுக்கு வரும் நோட்டீசிலேயே அச்சிடப்பட்டிருக்கும். நோட்டீஸ் கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். மனுவைக் கொடுத்துவிட்டுக் கட்டாமல் இருக்காதீர்கள். ஆட்சேபணையோடு கட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டினால் வட்டி ஏறாது, உங்கள் வாதமும் கெடாது.

தொழில் வரியையும் ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் நம் தரப்பு வாதத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவு தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அரையாண்டில் 75,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பவர் 1,250 ரூபாய் கட்டி ஏற்கெனவே அந்த உச்சத்தைத் தொட்டுவிட்டார். 2024இல் மாநகராட்சி வருவாயைக் கூட்ட நினைத்தபோது கீழ்ப் படிகளில்தான் கைவைக்க முடிந்தது: அரையாண்டு வருமானம் 21,001 முதல் 30,000 வரை உள்ளவருக்கு 135 ரூபாய் 180 ஆனது, 30,001 முதல் 45,000 வரை 315 ரூபாய் 425 ஆனது, 45,001 முதல் 60,000 வரை 690 ரூபாய் 930 ஆனது. மேல் இரண்டு படிகள் அப்படியே இருந்தன. உச்சவரம்பு வைத்த இடத்தில் வரி நின்றது, வைக்காத இடத்தில் ஏறியது. இதைத் தாளில் எழுதிக் காட்டினால், அரசியலில் ஆர்வமில்லாத கடைக்காரரும் நின்று கேட்பார்.

3. பட்ஜெட்டில் உங்களுக்கு வேண்டிய சில பக்கங்கள்

மாநகராட்சி பட்ஜெட் பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரிப்பன் மாளிகையில் தாக்கலாகிறது. அதை முழுதும் படிக்க வேண்டியதில்லை. சொந்த வரி வருவாய் எவ்வளவு, மாநில, மத்திய மானியம் எவ்வளவு, சம்பளமும் ஓய்வூதியமும் எவ்வளவு, வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு ஆகிய வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று மூன்று நிலைகள் இருக்கும். அறிவிப்பு நாளன்று செய்தித்தாளில் வருவது முதல் நிலை மட்டுமே. நீங்கள் பேச வேண்டியது மூன்றாவதைப் பற்றி.

மாநிலக் கணக்கைப் பேசுவதானால் ஆண்டோடு சேர்த்துச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியான வெள்ளை அறிக்கை ஒரு குடும்பத்தின் மீது 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாகச் சொன்னது. அந்த எண்ணை இன்றைய நிலவரம் போல மேடையில் சொல்பவர்களை இன்றும் பார்க்கலாம். 2026 மார்ச் இறுதியில் மொத்தக் கடன் ஏறத்தாழ 9.3 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று 2025-26 பட்ஜெட் மதிப்பிட்டது. எதிரில் நிற்பவர் உடனே, மாநில உற்பத்தியில் இது எத்தனை சதவீதம் என்று கேட்பார். அது சுமார் 26 சதவீதம் என்று அதே பட்ஜெட் சொல்கிறது. இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்பவரின் பேச்சுக்குத்தான் மதிப்பு.

4. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது எப்படி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வார்டு அளவில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும். அந்தத் தாள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வரும்.

செலவு மிகக் குறைவு. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் அதை நீதிமன்றக் கட்டண வில்லையாக விண்ணப்பத்திலேயே ஒட்டிவிடலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. வெள்ளைத் தாளில், தமிழிலேயே, உங்கள் மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. அலுவலகத்தில் யாராவது ‘எதற்குக் கேட்கிறீர்கள்’ என்றால், சட்டத்தின் 6(2) பிரிவு அதைக் கேட்க அனுமதிக்கவில்லை என்று பணிவாகச் சொன்னால் போதும். பழைய பதிவுத் தபால் சேவை 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது; ஆகவே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான விவரத்தை அச்செடுத்து வையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

கேள்வியாகக் கேட்காதீர்கள், ஆவணமாகக் கேளுங்கள். ‘எங்கள் தெருவில் ஏன் தரமற்ற சாலை போடப்பட்டது’ என்று கேட்டால், ‘இது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்ற பதில் வரும். அதற்குப் பதிலாக இன்ன தெருவில், இன்ன தேதிக்கும் இன்ன தேதிக்கும் இடையே செய்யப்பட்ட சாலைப் பணிக்கான மதிப்பீட்டு அறிக்கை, ஒப்பந்தப் புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, இறுதிப் பட்டியல் தொகை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (ஒப்பந்ததாரரே பழுதைச் சரிசெய்ய வேண்டிய காலம்) முடியும் தேதி ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும் என்று எழுதுங்கள். பொறியாளர்கள் வாயில் ‘எம் புக்’ என்று வருவதுதான் அந்த அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். பட்டியல் தொகையை விட அதுவே முக்கியம், ஏனென்றால் தெருவில் நீங்களே டேப் பிடித்துச் சரிபார்க்கக் கூடியது அது ஒன்றுதான்.

சாலையை எடுத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய தார் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். சுரண்டுவதற்கான தொகை மதிப்பீட்டில் இருக்கும். சுரண்டாமல் மேலேயே போட்டால் சாலை உயரும், வீடு தாழும், மழைநீர் உள்ளே வரும். வரிப்பணத்தின் வீண் செலவை இதைவிட எளிதாக யாருக்கும் புரியவைக்க முடியாது. இதைக் கேட்க இடதுசாரி, வலதுசாரி என்ற பேதமும் தேவைப்படாது.

காலக்கணக்கு இப்படிப் போகும். பதிலுக்கு 30 நாள். வேறு அலுவலகத்துக்குரியது என்றால் 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். ‘எங்களிடம் இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. பதில் வரவில்லை அல்லது அரைகுறையாக வந்தது என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. காலத்தை நீட்டிப்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால்கூட அதன் மீது 45 நாளுக்குள் முடிவு வர வேண்டும். பிறகு 90 நாளுக்குள் நந்தனத்தில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே விசாரணைத் தேதி கிடைக்கப் பல மாதங்கள் ஆகும். ஆகவே தேர்தலுக்குச் சில வாரம் முன்பு மனுப் போட்டு எதையும் சாதிக்க முடியாது. தேர்தலுக்கு ஓராண்டு முன்பே முதல் மனுவைப் போட்டுவிடுங்கள்.

ஒரே மனுவில் இருபது தெருவைக் கேட்பது இன்னொரு பொறி. ‘தகவல் மிக விரிவானது, நேரில் வந்து பார்வையிடுங்கள்’ என்று பதில் வரும். வந்தால் போங்கள், பார்வையிடும் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வேண்டிய பக்க எண்களைக் குறித்துக்கொண்டு வந்து, அவற்றின் நகலை மட்டும் கேட்டால் செலவும் குறையும். ஒரு மண்டல அலுவலகத்தில், எங்கள் கண் முன்னே மேசையில் இருந்த கோப்பையே காணவில்லை என்று எழுத்தில் தந்தார்கள். அப்படித் தந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். காணாமல் போன கோப்பைப் பற்றிய கடிதம் மேல்முறையீட்டில் கோப்பை விடக் கூடுதலாக உதவும்.

5. ஏரியா சபையை விடாதீர்கள்

சென்னையின் 200 வார்டுகளிலும் வார்டு குழுவும், ஒவ்வொரு வார்டையும் பிரித்து, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைகளும் அமைக்க 2022இல் விதிகள் வந்தன. உங்கள் பகுதியின் வாக்காளர் என்ற தகுதியே ஏரியா சபையில் உட்காரப் போதுமானது. அதிகாரம் வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும் என்று நம்புகிற நம்மைப் போன்றவர்கள் முதலில் நிரப்ப வேண்டிய நாற்காலிகள் இவை. நடைமுறையில் அவை காலியாகக் கிடக்கின்றன.

கூட்ட அறிவிப்பு வெளியே ஒட்டப்படும் வரை காத்திருந்தால் தேதி கடந்துவிடும். வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை என்று எடுத்துச் செல்லுங்கள். எழுத்தில் இரண்டு பிரதி, ஒன்றில் கையொப்பம். நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் கோரிக்கை ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் முதலில் கேளுங்கள். இடையில் எழும் சிறு குறைகளை 1913 எண்ணில் பதிவு செய்து, கிடைக்கும் புகார் எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவாருங்கள். பிற்பாடு அந்த நோட்டே உங்கள் தேர்தல் அறிக்கையாகிவிடும்.

6. வீடு வீடாகப் போகும்போது

இரண்டு ஆள் சேர்ந்து போங்கள். ஒருவராவது அந்தத் தெருக்காரராகவும், முடிந்தால் பெண்ணாகவும் இருக்கட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள், இல்லாவிட்டால் காவலாளியோடுதான் உங்கள் மாலை கழியும். வேலை நாளில் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரையிலும் சனிக்கிழமையும் நல்ல நேரம். ஞாயிறு முற்பகலில் கறிக்கடை, மீன்கடை வேலை முடியும் வரை யாரும் நின்று பேசமாட்டார்கள்.

என்ன பேசுவது என்பதில்தான் நம் தரப்பினர் அதிகம் சறுக்குகிறார்கள். மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெறும் ஒரு குடும்பத்தின் வாசலில் நின்று ‘இலவசங்கள் நாட்டைக் கெடுக்கின்றன’ என்று தொடங்கினால், கதவு சாத்தப்படுவது நியாயம்தான். அந்த ஆயிரம் அவர்களுக்குக் கையில் தெரிகிற பணம். நீங்கள் சொல்கிற கடன் கண்ணுக்குத் தெரியாதது. உதவித்தொகை தேவைப்படுவோருக்கு மட்டும் போக வேண்டும் என்பது என் கருத்து, அதை ஒளிக்கவும் இல்லை. ஆனால் வார்டு அளவில் அந்த வாதத்துக்குப் பலன் ஒன்றுமில்லை, முடிவெடுப்பவர் கவுன்சிலர் அல்ல. நான்காம் பகுதியில் சொன்ன தாளைக் கையில் எடுத்து, இந்தத் தெருச் சாலைக்கு இத்தனை ரூபாய் செலவானதாகக் கணக்கு இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்று சொல்லுங்கள். பேச்சை அவர்களே தொடர்வார்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் சொத்து வரி தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்றுதான் நினைப்பார்கள். வரி உயர்ந்தபின் வாடகை உயர்ந்ததா என்று கேட்டுவிட்டு அமைதியாக நில்லுங்கள்.

வருவாயைப் பற்றி நேர்மையாக இருங்கள். டாஸ்மாக்கை மூடு, பெட்ரோல் வரியைக் குறை, சாலையும் போடு என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பவரை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். மதுவால் வந்த வருவாய் 2024-25இல் மட்டும் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். மதுவிலக்கால் வந்த இழப்பை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தவர், பின்னாளில் அரசின் தலையீட்டைக் குறைக்க வேண்டும் என்று சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய அதே ராஜாஜிதான். எதை விடுகிறோமோ அதற்கு ஈடு எங்கே என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள்.

7. கூட்டம், நோட்டீஸ், பேனர்

பொது இடத்தில் கூட்டமோ ஆர்ப்பாட்டமோ நடத்தச் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி காவல்துறையிடம் ஐந்து நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இடம், நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளர்களின் பெயர், ஒலிபெருக்கி வேண்டுமா என்பவற்றை எழுதுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு இடமில்லை. மெரினாவைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், கிடைக்காது. என் யோசனை, தொடக்கத்தில் மாநகராட்சிச் சமுதாயக் கூடத்தையோ, குடியிருப்பின் மாடியையோ பயன்படுத்துங்கள். ஐம்பது பேர் வரும் கூட்டத்துக்கு வள்ளுவர் கோட்டம் தேவையில்லை.

நோட்டீசில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் எப்போதும் இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் இவை இல்லாத நோட்டீஸ் வழக்கில் கொண்டுவிடும். சுவரில் எழுதுவது, ஒட்டுவது வேண்டாம். பேனரைத் தொடவே தொடாதீர்கள். 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பின் உயர் நீதிமன்றம் காட்டிய கடுமை இன்னும் நினைவில் இருக்கிறது, செலவைக் குறை என்று பேசுகிறவருக்குப் பத்தடி படம் பொருந்தவும் பொருந்தாது.

8. பணம் வாங்குவதில் கவனம்

ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கம் பதியலாம். சங்க விதிகள், உறுப்பினர்களின் அடையாளச் சான்று, அலுவலக முகவரிக்கான சான்று ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். பதிந்துவிட்டால் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யும் பொறுப்பு சேர்ந்தே வரும். மனுவும் கூட்டமும் மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் பதிவு இல்லாமலே தொடங்கலாம். ஆனால் பொதுப்பணத்தைத் தனிநபரின் வங்கிக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓராண்டில் ஈடில்லாமல் பெறும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிக் கேள்வி எழும். ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்சிக்கு நன்கொடை தருபவருக்குப் பழைய வருமான வரி முறையில் கழிவு உண்டு. சுயேச்சை வேட்பாளருக்குத் தருபவருக்குக் கிடையாது. நன்கொடையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர் அனுப்பும் பணத்தை வேட்பாளர் வாங்கக் கூடாது. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. மயிலாப்பூரில் வளர்ந்தவராக இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், இன்று அமெரிக்கக் குடிமகன் என்றால் அவர் அன்னியரே. இந்தியக் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு துபாயில் வேலை பார்ப்பவரின் நிலை வேறு.

9. வார்டு தேர்தலில் நிற்பதானால்

நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக 2022இல் நடந்தது. அதன் நாட்காட்டியைப் பாருங்கள்: ஜனவரி 26 அன்று அறிவிப்பு, ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை வேட்பு மனு, 5 அன்று பரிசீலனை, 7 அன்று திரும்பப் பெறக் கடைசி நாள், 19 அன்று வாக்குப்பதிவு, 22 அன்று எண்ணிக்கை. அறிவிப்பிலிருந்து வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அந்த மாமன்றம் 2022 மார்ச் தொடக்கத்தில் பொறுப்பேற்றது. அதன் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அறிவிப்புக்குப் பின் தொடங்குபவருக்கு நேரம் இல்லை என்பதை இந்தத் தேதிகளே சொல்கின்றன.

வயது 21 நிறைந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டன. உங்கள் பெயரையும், உங்களை முன்மொழிபவர் பெயரையும் இன்றைய பட்டியலில் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை, ஆதிதிராவிடருக்கான ஒதுக்கீடும் உண்டு. சென்ற முறை பொது வார்டாக இருந்தது இந்த முறை மாறலாம். ஆகவே ஒரு வார்டில் ஒரே ஒருவரை மட்டும் வேட்பாளராக வளர்க்காதீர்கள். ஆணும் பெண்ணுமாக இருவராவது தயாராக இருக்கட்டும்.

2022இல் மாநகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 4,000 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 2,000. சென்னையில் ஒரு வேட்பாளர் செலவிடக்கூடிய உச்சவரம்பு 90,000 ரூபாய். அடுத்த தேர்தலுக்கு இவை மாறியிருக்கின்றனவா என்று மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2022இல் சென்னை வார்டில் சராசரியாக முப்பதாயிரம் வாக்காளர் இருந்ததால், வாக்காளருக்கு மூன்று ரூபாய்தான் கணக்கு. இரண்டு சுற்று நோட்டீஸ், ஒரு ஆட்டோ, ஒலிபெருக்கி வாடகை, வாக்குச்சாவடி முகவர்களுக்குச் சாப்பாடு என்பதற்குள் அது முடிந்துவிடும். எனக்கு இந்த வரம்பு பிடிக்கும்: சிக்கனமாகச் செலவிடத் தெரிந்தவருக்கு இது சாதகம். சென்னையில் பாதிக்கும் குறைவான வாக்காளர்களே 2022இல் வாக்களித்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். வாக்குச் சாவடிக்கு வராத அந்த மறுபாதியில், ஏற்கெனவே உங்களோடு சாலை அளந்தவர்கள் எத்தனை பேர் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மனுவோடு வேண்டியவை: வயதுச் சான்று, வாக்காளர் பட்டியலின் உரிய பக்கம், குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி விவரம் அடங்கிய உறுதிமொழிப் பத்திரம், இட ஒதுக்கீட்டு வார்டானால் சாதிச் சான்று, மாநகராட்சிக்கு நிலுவை இல்லை என்பதற்கான ரசீதுகள். உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள், கோடு போட்டு விடுவது போதாது. கடைசி நாள் பிற்பகலில் போகாதீர்கள். ஒரு தாள் குறைந்தால் வீட்டுக்குப் போய் எடுத்துவர நேரம் இருக்காது. மாநகராட்சியோடு ஒப்பந்த வேலை வைத்திருப்பவர் நிற்க முடியாது. குடும்பத் தொழிலில் உங்கள் பெயர் பங்குதாரராக எங்காவது இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு செலவுக்கும் பில் வாங்குங்கள், டீக்கடைக்கும் சேர்த்து. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தோற்றவர்களுக்கும் இது கட்டாயம். தாக்கல் செய்யாவிட்டால் அடுத்த தேர்தலில் நிற்கும் தகுதியே போகலாம். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றிருந்தால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். அதற்கு வைப்புத்தொகை கட்டிய அசல் ரசீது வேண்டும். மனுத் தாக்கல் அன்று அதை வாங்கியவுடனேயே நகல் எடுத்து, அசலைச் செலவு பில்களோடு கலக்காமல் தனி உறையில் வையுங்கள்.